ஐந்தாம் செமஸ்டரில் கல்லூரி மாறலாமா? வடசென்னை மாணவருக்கு முன்னால் இருக்கும் வழிகள்

எர்ணாவூரிலிருந்து சேத்துப்பட்டுக்கோ மணலியிலிருந்து சேப்பாக்கத்துக்கோ தினமும் போய் வந்து இரண்டு வருடத்தை ஓட்டியவர்கள், மூன்றாம் ஆண்டு நெருங்கும்போது “வீட்டுப் பக்கத்துக் கல்லூரிக்கு மாறிடலாமா?” என்று யோசிப்பது வழக்கம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வடசென்னைக் குடியிருப்பைக் காலி செய்யவைத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, தண்டையார்பேட்டைக் கல்லூரியில் படிப்பை முடிக்க ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும். கட்டணம் கட்ட முடியாதவர், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், வகுப்பில் நிம்மதி இல்லாதவர் எல்லோருக்கும் இதே யோசனை வருகிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு செமஸ்டர் முடிந்த பிறகு கல்லூரி மாறுவதற்கு மூன்று காரணங்கள்தான் தகும்: வீடு உண்மையிலேயே தொலைவுக்குப் போய்விட்டது, கட்டணம் இனி கட்டவே முடியாது, அல்லது அந்த இடத்தில் பாதுகாப்பு இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கும் கல்லூரியிலேயே வழி உண்டு. மாறுவதாக இருந்தாலும் அதே பல்கலைக்கழகத்துக்குள், அதே பாடப்பிரிவுக்கு, ஐந்தாம் செமஸ்டர் வகுப்பு தொடங்கும் முன் மாற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் இழப்பு வேகமாகக் கூடும்.

கீழே சொல்வது பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றியது. வடசென்னையில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்பவர்களில் மிகப் பலர் அந்தக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள்.

மாறாமலே தீரும் சிக்கல்கள்

நேரம்தான் பிரச்சினை என்றால் முதலில் கேட்க வேண்டியது ஷிஃப்ட் மாற்றம். பல கல்லூரிகளில் காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என இரண்டு ஷிஃப்ட் நடக்கிறது. இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை எட்டரைக்கு வகுப்பில் உட்கார முடியாதவருக்கு, அதே கல்லூரியின் மதிய ஷிஃப்ட்டில் அதே பாடப்பிரிவு இருந்தால் அதுவே போதும். டி.சி. வேண்டாம், பல்கலைக்கழக அனுமதிக்கு அலைய வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உதவிபெறும் கல்லூரிகளில் காலை வகுப்பு அரசு உதவியிலும் மதிய வகுப்பு சுயநிதியிலும் நடக்கும். காலையிலிருந்து மதியத்துக்கு மாறினால் கட்டணம் ஏறும். மதியத்திலிருந்து காலைக்கு வர நினைத்தால், உதவிபெறும் பிரிவில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடம் இருக்க வேண்டும்.

அரியர் அதிகம் என்பதற்காக மாற நினைப்பது வீண். கல்லூரி மாறினால் அரியர் அழியாது, கூடவே வரும். இறுதி செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுபோனவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் உடனடித் தேர்வு வைக்கிறது. ஆகவே ஆறாம் செமஸ்டருக்குள் அரியரை ஒன்றாகக் குறைப்பதுதான் சரியான இலக்கு.

“பெரிய பேர் உள்ள காலேஜில் முடித்தால் வேலை கிடைக்கும்” என்ற எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. பட்டத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம். வளாக வேலைவாய்ப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் ஐந்தாம் செமஸ்டரின் தொடக்கத்திலேயே தயாராகிவிடும். புதிதாக வந்தவரின் மதிப்பெண்ணும் அடையாள அட்டையும் அதற்குள் பதிவேறுவது அரிது. பெயருக்காகப் போனவர் அந்தப் பெயரின் பயனைப் பெறாமலே வெளியே வருவார்.

ஆசிரியரோடு மனக்கசப்பு என்றால், மீதம் இருப்பது இரண்டே செமஸ்டர் என்பதை நினைத்து முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். கேலிவதை, பாலியல் தொல்லை, சாதி சொல்லி அவமதிப்பு போன்றவை வேறு ரகம். அவற்றுக்குக் கல்லூரியின் உள் புகார்க் குழுவும், 1800-180-5522 என்ற கேலிவதைத் தடுப்பு எண்ணும் இருக்கின்றன. அங்கே புகார் கொடுப்பதும் மாற்றம் கேட்பதும் சேர்ந்தே நடக்கலாம். புகாரின் நகலை மாற்ற விண்ணப்பத்தோடு இணைத்தால் காரணம் வலுவாகும். இப்படிப்பட்ட நிலையில் “இன்னும் ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கோ” என்று எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது.

தூரத்தை எப்படி அளப்பது

வடசென்னையில் வரைபடத்துக் கிலோமீட்டரை நம்பக் கூடாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டினால் பத்து நிமிட வழி ஒரு மணி நேரமாகும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும். அந்த மழை வருவது அக்டோபர், நவம்பரில், அதாவது ஐந்தாம் செமஸ்டர் தேர்வு நேரத்தில். மாறாக, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடிக்காரர்களுக்குத் தியாகராயா கல்லூரியும் மண்ணடியும் சென்ட்ரலும் முன்பைவிடக் கிட்டே வந்துவிட்டன. கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் வருபவருக்குப் பொன்னேரி பக்கம் போவது நகருக்குள் வருவதைவிட நெரிசல் குறைவு.

ஒரு கணக்கு போடுவோம். செமஸ்டருக்கு 90 வேலை நாள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி, செமஸ்டருக்கு 270 மணி, ஆண்டுக்கு 540 மணி. புதிய கல்லூரி இதைப் பாதியாக்கினால் மிச்சம் 270 மணி நேரம். விடுபட்ட நான்கைந்து தாள்களைத் தனியாகப் படித்து எழுதவே அந்த நேரம் சரியாகப் போய்விடும். ஒருவழிப் பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டுமே தூரம் என்ற காரணத்தை நாங்கள் ஏற்போம். முடிவெடுக்கும் முன், வேலை நாளில், வகுப்பு நேரத்துக்கே, புதிய கல்லூரிக்கு மூன்று நாள் போய் வந்து பாருங்கள். வீடு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியிலோ ஆதிதிராவிடர் நல விடுதியிலோ (2025 முதல் இவற்றின் பெயர் சமூகநீதி விடுதி) ஓராண்டுக்கு இடம் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். பத்து மாதம் விடுதியில் தங்கிப் பழைய கல்லூரியிலேயே முடிப்பது பலருக்கு எளிய வழி.

அதே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவது

மாறியே ஆக வேண்டும் என்று ஆன பிறகு, வழிகளில் மிகக் குறைந்த சேதம் உள்ளது இதுதான். நடைமுறை எளிதாகத் தெரியும். புதிய கல்லூரியில் அதே பாடப்பிரிவின் மூன்றாம் ஆண்டில் காலியிடம் இருக்க வேண்டும். அந்த முதல்வர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பழைய முதல்வர் ஆட்சேபணை இல்லை என்று தர வேண்டும். இரண்டையும் மதிப்பெண் பட்டியல்களோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, கட்டணம் கட்டி, அனுமதி ஆணை வாங்க வேண்டும். அதன் பிறகுதான் டி.சி.

இந்த வரிசை குலையும் இடத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய கல்லூரி அலுவலகத்தில் யாரோ ஒருவர் “சீட் இருக்கு, டி.சி. எடுத்துட்டு வா தம்பி” என்று வாயால் சொல்வார். டி.சி. வாங்கிய நிமிடமே பழைய கல்லூரிப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிடும். புதிய கல்லூரியில் இடம் இல்லை என்று ஆனாலோ பல்கலைக்கழகம் மறுத்தாலோ இரண்டு இடத்திலும் பெயர் இருக்காது. திரும்பச் சேர்வது என்பது மறுசேர்க்கை, அதற்குத் தனி விண்ணப்பம், தனி அனுமதி. அனுமதி ஆணை கையில் வரும்வரை டி.சி.க்கு விண்ணப்பம்கூடக் கொடுக்காதீர்கள், பழைய வகுப்புக்குப் போவதையும் நிறுத்தாதீர்கள்.

வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் என்ன ஆகும்? தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 90 நாளில் 68 நாள். விடுப்புக்கு இருப்பது 22 நாள் மட்டுமே. ஜூனில் வகுப்பு திறந்து, மாற்ற ஆணைக்காக நான்கு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் 20 நாள் போய்விடும். மீதி நான்கு மாதத்துக்கும் சேர்த்து இரண்டே நாள்தான் விடுப்பு. ஒரு காய்ச்சலுக்குக்கூடப் போதாது. பழைய கல்லூரியில் வந்த நாட்களுக்கு வருகைச் சான்று வாங்கிப் புதிய கல்லூரியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சேர்க்க மாட்டார்கள்.

இன்டர்னல் மதிப்பெண்ணும் அப்படித்தான். ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்ச்சிக்கு வெளித்தேர்வில் 30, மொத்தத்தில் 40 வேண்டும். இன்டர்னலில் 15 வைத்திருப்பவர் வெளித்தேர்வில் 30 எடுத்தால் போதும். முதல் உள்தேர்வு நடந்த பிறகு வந்து சேர்ந்து இன்டர்னலில் 5 மட்டும் பெற்றவருக்கு 35 வேண்டும். ஏழு தாளுக்கும் இப்படி ஐந்தைந்து கூடுதல் எடுப்பது சராசரி மாணவருக்குச் சுமைதான்.

பாடங்கள் பொருந்துகின்றனவா என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. 2023-24 முதல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்த பிறகு வேறுபாடு குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. பி.காம். உதாரணம் எடுத்துக்கொள்வோம். பழைய கல்லூரி செலவுக் கணக்கியலை நான்காம் செமஸ்டருக்குள் முடித்துவிட்டு வருமான வரியை ஐந்தாவதில் வைத்திருக்கிறது. புதிய கல்லூரியோ வருமான வரியை முன்பே முடித்துவிட்டு ஐந்தாவதில் செலவுக் கணக்கியல் நடத்துகிறது. அங்கே போனவர், படித்து முடித்த பாடத்துக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பார், படிக்காத பாடத்தை வகுப்பே இல்லாமல் எழுதுவார். பி.எஸ்சி.யில் நிலைமை இன்னும் கடினம். இயற்பியலுக்குத் துணைப்பாடமாக ஓரிடத்தில் வேதியியலும் இன்னோரிடத்தில் வேறொன்றும் இருந்தால், விடுபட்டது செய்முறைத் தாளாகவும் இருக்கும். செய்முறையை வீட்டில் படித்து எழுத முடியாது. ஜூனியர்களோடு ஆய்வகத்தில் இடம் கேட்டு நிற்க வேண்டும்.

பகுதி 1 மொழிப்பாடம் முதல் பகுதி 5 விரிவாக்கப் பணி வரை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கான ஒரு கிரெடிட்டோ, சுற்றுச்சூழல் கல்வித் தாளோ, நான் முதல்வன் என்ற அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் எழுதிய பாடமோ மதிப்பெண் பட்டியலில் ஏறாமல் போனால், பட்டத்துக்குத் தேவையான 140 கிரெடிட்டில் ஒன்றிரண்டு குறையும். அது பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். இரண்டு கல்லூரிகளின் சிலபஸையும் வாங்கி, நீளத்தாளில் இடப்பக்கம் முடித்த தாள்கள், வலப்பக்கம் புதிய கல்லூரியின் முதல் நான்கு செமஸ்டர் தாள்கள் என்று எழுதிக் கோடு போட்டு இணையுங்கள். வலப்பக்கத்தில் கோடு சேராமல் நிற்பவைதான் நீங்கள் கூடுதலாக எழுத வேண்டியவை. எங்கள் அளவுகோல் இது: இரண்டு தாள் வரை சமாளிக்கலாம், மூன்று என்றால் யோசிக்கணும், நான்குக்கு மேல் போனால் மூன்று வருடத்தில் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைத்துப் பார்த்ததைப் புதிய துறைத் தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால்

மாநிலக் கல்லூரி, ராணி மேரி, பாரதி மகளிர் போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கல்லூரியே செய்யும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். தன்னாட்சியிலிருந்து சாதாரணக் கல்லூரிக்கோ, ஒரு தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கோ போனால் சிலபஸ் பொருத்தம் இன்னும் குறையும். அரியர் வைத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. அந்தத் தாளை நடத்தியது பழைய கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். அதே தாளைப் புதிய இடத்தில் யாரும் நடத்துவதில்லை. தன்னாட்சிக் கல்லூரியில் ஓர் அரியர்கூட நிலுவையில் இருந்தால் மாறாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை. இரு பக்கமும் தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் என்றால் தேர்வு நடத்துவது பல்கலைக்கழகமே என்பதால் இந்த முடிச்சு இல்லை.

தமிழ் வழியில் படிப்பவர்கள்

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல், அந்தப் பணிக்குக் கேட்கப்படும் கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நான்கு செமஸ்டர் தமிழ் வழி பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, கடைசி இரண்டு செமஸ்டரை ஆங்கில வழி வகுப்பில் முடித்தால், பட்டத் தகுதிப் பணிகளுக்கு அந்த உரிமை போய்விடும். பள்ளியிலிருந்து பதினான்கு வருடம் சேர்த்த தகுதியை ஒரு வருடப் பயண வசதிக்காக விடக் கூடாது. தமிழ் வழியிலிருந்து தமிழ் வழிக்கே மாறினாலும், இரண்டு கல்லூரியிலும் தனித்தனியாகத் தமிழ் வழிச் சான்று வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பதிவேடு தேடவே ஒரு மாதம் ஆகும்.

பணம்

தனியார் கல்லூரியிலிருந்து அரசு அல்லது உதவிபெறும் கல்லூரிக்கு மாறுவதில் வரும் மிச்சம் உண்மையானது. மாற்றம் எல்லா விதத்திலும் நியாயமாகும் இடம் இதுதான். ஆனால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வகுத்த திருப்பித்தரும் அட்டவணை சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தத் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆகஸ்டில் மாற நினைத்தால் அது போன பணம். காப்பு வைப்புத் தொகையை மட்டும் விடாமல் கேளுங்கள்.

சில தனியார் கல்லூரிகள் “மீதி வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் சர்டிஃபிகேட்” என்பார்கள். அதே 2018 அறிவிப்பு அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதையும், படிக்காத செமஸ்டருக்கு முன்கூட்டியே கட்டணம் வாங்குவதையும் தடை செய்கிறது. முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தின் குறைகேட்பாளருக்கு. வாய்ச்சண்டை உதவாது. தேதி போட்ட கடிதமும், பெற்றுக்கொண்டதாக முத்திரையும் உதவும்.

உதவித்தொகை வாங்குபவர்கள் யூ.எம்.ஐ.எஸ். (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையத் தளம்) பதிவில் கல்லூரிப் பெயர் மாறியிருக்கிறதா என்று சேர்ந்த வாரமே பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் தொகையும் படிக்கும் விவரம் சரியாக இருந்தால்தான் வரும். பழைய கல்லூரியில் பெயர் தொங்கிக்கொண்டிருந்தால் பணம் நின்றுபோகும். பிறகு இரண்டு அலுவலகத்துக்கும் இடையில் நடக்க வேண்டும்.

மற்ற மூன்று வழிகள்

வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவது. இடப்பெயர்வுச் சான்றும், படித்த பாடங்கள் அங்குள்ளவற்றுக்கு இணை என்று காட்டும் சமநிலைச் சான்றும் வேண்டும், மூன்றாம் ஆண்டில் நேரடியாக எடுத்துக்கொள்வது மிக அரிது. இரண்டாம் ஆண்டில்தான் சேர்ப்போம் என்றால் ஒரு வருடம் போய்விட்டது என்று பொருள். பெற்றோர் ஊரே மாறிவிட்டால் ஒழிய இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

விட்டுவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் சேர்வது. முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-ல் தெளிவாக்கியிருக்கிறது. சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். வீட்டைக் காப்பாற்ற முழுநேர வேலைக்குப் போயே ஆக வேண்டியவருக்கு இது கௌரவமான வழி. ஆனால் முடித்த நான்கு செமஸ்டரை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் வாங்காமல் சேர்ந்தால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆய்வகம் தேவைப்படும் பி.எஸ்சி. பாடங்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது.

ஓராண்டு இடைவெளி விட்டு அதே கல்லூரிக்குத் திரும்புவது. நோய், பிரசவம், வீட்டில் சாவு போன்ற காரணங்களுக்கு இது மாற்றத்தைவிட நல்லது. ஐந்தாம் செமஸ்டருக்குப் போக முடியாதவர் சொல்லாமல் நின்றுவிடாமல், விடுப்பு அல்லது படிப்பு இடைநிறுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். சொல்லாமல் நின்றவரைத் திரும்பச் சேர்ப்பதில் அலுவலகம் காட்டும் கடுமை, எழுதிக் கொடுத்தவரிடம் இருக்காது. திரும்பும்போது சிலபஸ் மாறியிருந்தால் புதிய சிலபஸ்படி எழுத வேண்டிவரலாம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எப்போது எதைச் செய்வது

நான்காம் செமஸ்டர் தேர்வுகள் ஏப்ரலில் நடக்கும்போதே புதிய கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக் காலியிடத்தைக் கேட்டுவிட வேண்டும். ஜூனில் போய்க் கேட்பவருக்குக் கிடைப்பது மிச்சம்தான். மே மாதத்தில் சிலபஸ் ஒப்பீட்டையும் துறைத் தலைவர் கையெழுத்தையும் முடித்துவிடுங்கள். நான்காம் செமஸ்டர் முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலின் நகல்களோடு இரு முதல்வர்களின் கடிதத்தையும் வாங்கிச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க இது நேரம் இல்லை.

கோப்பில் இருக்க வேண்டியவை: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள், நான்கு செமஸ்டர் பட்டியல்கள், சாதிச் சான்று, முதல் ஆண்டுச் சேர்க்கை ரசீது, நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை மூன்றிலும் நிலுவை இல்லை என்ற கையெழுத்து, வருகைச் சான்று, முத்திரையிட்ட சிலபஸ் நகல். எல்லாவற்றிலும் மூன்று நகல். பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருந்ததற்காகவே கோப்பு இரண்டு வாரம் நிற்கும்.

ஜூலை நடுவில் ஆணை வரவில்லை என்றால் அந்த ஆண்டுக்கான முயற்சியைக் கைவிட்டு, பழைய கல்லூரியின் ஐந்தாம் செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். ஐந்தாம் செமஸ்டர் முடிந்த பிறகு, ஆறாவதுக்காக மட்டும் மாறலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். புராஜெக்ட், அதன் வழிகாட்டி, வாய்மொழித் தேர்வு எல்லாம் அந்த ஆறாம் செமஸ்டரில்தான் இருக்கின்றன, மிச்சம் இருப்பதோ 90 நாள்.